நிறமூர்த்தப் புரத மாதிரித் தொகுதி: உயர்தர உயிரியல் வகுப்புக்கு வாங்கலாமா?

பரம்பரையலகு (ஜீன்) வெளிப்பாடு என்ற பகுதியைத் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் மலையக ஆசிரியர்கள் பலருக்கும் பழக்கமான சங்கடம் ஒன்று உண்டு. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைக் காட்டுவதற்குக் கம்பியும் மணியும் போதும். அதைச் சூழ்ந்திருக்கும் புரதங்களைக் காட்டுவதற்கு எதுவும் கிடைப்பதில்லை. அதனால் மாணவர்கள் டி.என்.ஏ.யை நன்றாகப் படித்துவிடுகிறார்கள். அதன் எந்தப் பகுதி எப்போது வாசிக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு வகிக்கும் நிறமூர்த்தப் புரதங்களை மட்டும் ஒரு வரியில் மனனம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போகிறார்கள். இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென விற்கப்படும் மாதிரித் தொகுதி ஒன்றைக் கண்டியிலுள்ள ஆய்வுகூடப் பொருள் விற்பனையாளர் ஒருவரிடம் பெற்று, ஹட்டனை அண்டிய எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பில் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை நம்பி வகுப்புக்குள் போக வேண்டாம் என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டியைத் திறந்தால் நான்கு வட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டும் எட்டுத் துண்டுகளாகக் கழன்று வரும்: டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் நிறமூர்த்தப் புரதங்களான எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாக, நான்கு நிறங்களில். இவற்றைப் பொருத்தியபின் சுற்றுவதற்கு டி.என்.ஏ.யைக் குறிக்கும் ஒன்றரை மீற்றர் இறப்பர் குழாய், குழாய் வட்டில் நுழைந்து வெளியேறும் வாயிலில் மாட்டுவதற்கு எச்1 என்ற இன்னொரு ஹிஸ்டோனின் பெயரிட்ட கவ்விகள், பச்சை நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் சிறு மூடிகள், பரம்பரையலகை வாசித்து ஆர்.என்.ஏ. ஆக்கும் நொதியமான ஆர்.என்.ஏ. பொலிமரேசைக் குறிக்கும் ஒரு பெரிய துண்டு ஆகியனவும் உள்ளன. குழாயில் ஓரிடத்தில் வெள்ளை வளையம் வரையப்பட்டிருக்கிறது; ஒரு பரம்பரையலகின் வாசிப்புத் தொடங்கும் இடம் அது.

இந்தத் தொகுதியை வடிவமைத்தவர் அளவுகளில் காட்டியிருக்கும் அக்கறை என்னைக் கவர்ந்தது. குழாய் சுற்றிய வட்டின் விட்டம் 5.5 சென்ரிமீற்றர். டி.என்.ஏ. சுற்றிய ஹிஸ்டோன் வட்டுக்கு நியூக்கிளியோசோம் என்று பெயர். உண்மையான நியூக்கிளியோசோமின் விட்டம் ஏறத்தாழ 11 நானோமீற்றர் என்பதால், உருப்பெருக்கம் 50 இலட்சம் மடங்கு. டி.என்.ஏ.யின் அகலம் 2 நானோமீற்றர். குழாயின் அகலம் சரியாக 1 சென்ரிமீற்றர். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஓர் எண்மரைச் சுற்றி 147 மூலச் சோடிகள் ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, இடப்பக்கமாகச் சுற்றியிருக்கும். அதற்கு வேண்டிய குழாயின் நீளம் 25 சென்ரிமீற்றர் வர வேண்டும், வருகிறது. அளவு இப்படி ஒழுங்காக இருப்பதால், கரும்பலகையில் ஒரு கணக்கும் செய்விக்க முடிகிறது. ஒரு மனிதக் கலத்தின் 46 நிறமூர்த்தங்களிலும் உள்ள டி.என்.ஏ.யை ஒன்றாக நீட்டினால் 2 மீற்றர். இதே உருப்பெருக்கத்தில் அது 10,000 கிலோமீற்றர் நீளக் குழாய். தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரையுள்ள தூரத்தைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட அந்தக் குழாய் முழுவதும், 30 மீற்றர் விட்டமுள்ள ஒரு கோளத்துக்குள், அதாவது அதே அளவில் வரைந்த கருவுக்குள், அடங்க வேண்டும். அடக்குவதற்கு ஏறத்தாழ 3 கோடி வட்டுகள் தேவை. மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே செய்து முடிக்கும்போது, ஹிஸ்டோன்கள் ஏன் கலத்துக்கு இவ்வளவு பெருமளவில் வேண்டியிருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

கையேடு இங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் முதலாவது முறைப்பாடு. ஹிஸ்டோனை அது நூற்கட்டை என்று விளக்கிவிட்டு, நூலைச் சுற்றி வைப்பதே அதன் வேலை என்று முடிக்கிறது. எங்கள் வகுப்பின் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "டீச்சர், நூல் முழுக்க சுத்தியே இருந்தா, வேணும்ங்கிறப்ப அத யாரு அவுக்குறது?" என்று கேட்டாள். கையேட்டின் எந்தப் பக்கத்திலும் எழுப்பப்படாத கேள்வி அது. 1884-ஆம் ஆண்டில் அல்பிரெக்ட் கொசெல் வாத்தினப் பறவையின் செங்குருதிக் கலங்களிலிருந்து ஹிஸ்டோனைப் பிரித்தெடுத்த பின்னர், இந்தக் கேள்வி சரியான வடிவத்தில் கேட்கப்படுவதற்கு விஞ்ஞானிகளுக்கே எண்பது ஆண்டுகள் சென்றன. ஹிஸ்டோனில் அசற்றைல் என்ற சிறு இரசாயனக் கூட்டங்கள் சேர்வது ஆர்.என்.ஏ. உருவாக்கத்தைக் கட்டுப்படுத்தும் வழியாக இருக்கலாம் என்று வின்சென்ட் ஓல்ஃப்ரியும் அவருடன் பணியாற்றியோரும் 1964-இல் எழுதினார்கள். நியூக்கிளியோசோம் என்ற அலகை ரொஜர் கோன்பேர்க் முன்வைத்தது 1974-இல். அதன் பளிங்கு அமைப்பைக் கரோலின் லூகரும் டிமொத்தி ரிச்மண்டும் குழுவினரும் அணு மட்டத்தில் வெளியிட்டது 1997-இல். கையேட்டின் வரலாற்றுப் பக்கம் கொசெலையும் கோன்பேர்க்கையும் லூகரையும் தருகிறது, ஓல்ஃப்ரியை விட்டுவிடுகிறது. பொதி செய்தலின் வரலாறு மட்டுமே அதில் இருக்கிறது, கட்டுப்படுத்தலின் வரலாறு இல்லை.

இத்தனைக்கும் அந்த மாணவியின் கேள்விக்கான விடை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு ஹிஸ்டோன் துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய சிலிக்கன் வால் வெளியே நீண்டிருக்கிறது. எச்4 இன் வாலில் மட்டும் ஒரு சிறு காந்தம் பதிக்கப்பட்டிருக்கிறது. எச்2ஏயும் எச்2பியும் சந்திக்கும் முகத்தில் அதற்கு எதிர்முனைக் காந்தம். ஒரு வட்டின் வாலை அடுத்த வட்டின் முகத்துக்கு அருகே கொண்டுபோனால், சட்டென்று பற்றிக்கொள்கிறது. நான்கு வட்டுகளையும் அவ்வாறு விட்டால் குழாய் இறுகிச் சுருண்டு ஒரு கட்டியாகிவிடுகிறது. இப்போது பச்சை மூடியை எடுத்து வாலின் காந்தத்தின்மேல் மாட்ட வேண்டும். மூடி காந்தத்தை முகத்திலிருந்து விலக்கி வைப்பதால் பிடி விட்டுப்போகிறது, கட்டி தளர்கிறது, வெள்ளை வளையம் வெளியே தெரிகிறது, பொலிமரேசுத் துண்டு அதில் அமர்கிறது.

இந்தச் செய்முறையை வெறும் விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. கலத்தில் நடப்பதோடு அது ஏறக்குறைய அடிக்கு அடி பொருந்துகிறது. ஹிஸ்டோன்களில் லைசீன், ஆர்ஜினின் ஆகிய அமினோவமிலங்கள் மிகுதி. அவை நேரேற்றம் கொண்டவை என்பதால் டி.என்.ஏ.யின் மறையேற்றம் கொண்ட பொசுபேற்றுக் கூட்டங்களை இறுகப் பற்றுகின்றன. எச்4 இன் வாலிலுள்ள நேரேற்றப் பகுதியோ அடுத்த நியூக்கிளியோசோமின் எச்2ஏ, எச்2பி முகத்திலுள்ள மறையேற்றத் திட்டில் போய் அமர்கிறது. அந்த வாலின் 16ஆவது அமினோவமிலமான லைசீனில் நொதியமொன்று அசற்றைல் கூட்டத்தைச் சேர்த்தால் அதன் நேரேற்றம் நீங்கிவிடுகிறது. அந்த ஒரே இடத்தில் அசற்றைல் சேர்வது மாத்திரமே நியூக்கிளியோசோம் தொடர் இறுகுவதைத் தடுக்கப் போதும் என்று 2006-இல் பரிசோதனைக் குழாயில் காட்டப்பட்டது. மூடியை மாட்டியதும் கழற்றியதும் மாணவர்கள் தம் விரல்களில் உணர்வது அந்த ஈர்ப்பின் இருப்பையும் இன்மையையுமே. மூடி மாட்டும் நொதியங்கள் வேறு, கழற்றும் நொதியங்கள் வேறு. இரண்டு வகையும் 1996-இல் இனங்காணப்பட்டபோது, பிரதியெடுத்தலை, அதாவது பரம்பரையலகை ஆர்.என்.ஏ.யாக வாசிப்பதை, கட்டுப்படுத்துவதாக முன்பே அறியப்பட்டிருந்த புரதங்களுக்கு அவை உறவாக இருந்தன என்பதுதான் ஓல்ஃப்ரியின் கருத்துக்கு உறுதி சேர்த்தது. கழற்றும் நொதியங்களைத் தடுக்கும் வொரினோஸ்டாட் என்ற மருந்து, தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கென ஐக்கிய அமெரிக்காவில் 2006-இல் அனுமதிக்கப்பட்டது என்பதையும் நான் இந்த இடத்தில் சொல்வதுண்டு. மருத்துவ பீடத்தைக் கனவு காணும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் இடம் அது.

வால்களின் நீளத்தில் மட்டும் வடிவமைப்பாளர் தம் அளவு ஒழுங்கைக் கைவிட்டிருக்கிறார். எச்3 இன் வால் ஏறத்தாழ 36 அமினோவமிலங்கள் கொண்டது. நீட்டினால் 12 நானோமீற்றர் வரை போகும். இந்த உருப்பெருக்கத்தில் அது 6 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். பெட்டியில் இருப்பது 2 சென்ரிமீற்றர் கூட இல்லை. வால் என்பது வட்டின் விட்டத்தையே எட்டக்கூடிய நீளமுடையது என்பது தெரியாமற்போனால், நொதியங்களும் பிற புரதங்களும் அதை எவ்வளவு எளிதாக அணுகலாம் என்பதும் தெரியாமற்போகும். மெல்லிய தையல் எலாஸ்ரிக்கை வெட்டி ஒட்டி நான் இதைச் சரிசெய்துகொண்டேன்.

சிவப்பு மூடிகள்தான் இந்தத் தொகுதியின் மிகப் பெரிய குறை. பச்சை அசற்றைல், அது பரம்பரையலகைத் திறக்கும். சிவப்பு மெதைல் என்ற வேறொரு சிறு இரசாயனக் கூட்டம், அது பரம்பரையலகை மூடும் என்கிறது கையேடு. இதன் முதற்பாதி பெரும்பாலும் சரி. மற்றப் பாதி தவறு. லைசீனில் மெதைல் சேர்வதால் அதன் நேரேற்றம் மாறுவதில்லை. எனவே மெதைல் தானாக எதையும் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது, அங்கே வந்து அதை அறிந்துகொள்ளும் புரதம் எது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். எச்3 இன் 4ஆவது லைசீனில் மூன்று மெதைல் கூட்டங்கள் இருப்பது, வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் பரம்பரையலகுகளின் தொடக்கத்தில் காணப்படும் அடையாளம். 9ஆவது லைசீனில் அதே மூன்று மெதைல் இருந்தால் எச்.பி.1 என்ற புரதம் வந்து பற்றி, அந்தப் பகுதியை நெருக்கமாக இறுக்கிவிடும். 27ஆவது லைசீனில் இருந்தால் பொலிகோம் புரதங்கள் தொடர்புபடும்; அந்தப் பரம்பரையலகு அமைதியாக்கப்படும். ஒரே நிற மூடியை மூன்று இடங்களிலும் மாட்டச் சொன்னால், "மெதைல் என்றால் மூடல்" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள், டி.என்.ஏ.யிலேயே நேரடியாக மெதைல் சேர்வதை இதனோடு குழப்பிக்கொள்ளவும் வழியாகும். எங்கள் தொகுதியிலுள்ள சிவப்பு மூடிகள் சிலவற்றுக்கு நகப்பூச்சால் மஞ்சள் நிறம் தீட்டி, 4ஆம் இலக்க லைசீனுக்கென ஒதுக்கிவைத்திருக்கிறேன். இதை வாங்கும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே செய்ய வேண்டிய திருத்தம் இது.

வட்டைக் குழாயின் வழியே நகர்த்த முடிவது நல்ல அம்சம். வெள்ளை வளையம் வட்டின்மேல் சுற்றிய பகுதிக்குள் அகப்பட்டிருந்தால் பொலிமரேசு அமர முடியாது. வட்டைத் தள்ளினால் வளையம் இடைவெளிக்கு வந்துவிடுகிறது. கலத்தில் இந்தத் தள்ளும் வேலையைச் செய்பவை, கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.ரீ.பீ.யைச் செலவழித்து நியூக்கிளியோசோம்களை நகர்த்தும் அல்லது அகற்றும் புரதத் தொகுதிகள். மதுவத்தில் முதலில் அறியப்பட்ட எஸ்.டபிள்யூ.ஐ./எஸ்.என்.எஃப். அவற்றுள் ஒன்று. அதற்கென ஒரு துண்டு பெட்டியில் இல்லை. மாணவர் தம் கையாலேயே தள்ளுகிறார் என்பதால், அங்கே சக்தி செலவாகிறது என்பதை ஆசிரியர் வாயால் சொல்லியே ஆக வேண்டும்.

ஹிஸ்டோன் அல்லாத மற்ற நிறமூர்த்தப் புரதங்களுக்கும் இடம் தரப்படவில்லை. டி.என்.ஏ.யை வளைக்கும் எச்.எம்.ஜி. வகைப் புரதங்களை விட்டதை மன்னிக்கலாம். கொஹீசினையும் சி.ரீ.சி.எஃப். புரதத்தையும் விட்டது அப்படியல்ல. ஒரு பரம்பரையலகைத் தூண்டும் டி.என்.ஏ. பகுதி அந்தப் பரம்பரையலகிலிருந்து இலட்சக்கணக்கான மூலச் சோடிகளுக்கு அப்பால் இருக்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து அது எவ்வாறு செயற்படுகிறது என்பது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. வளைய வடிவான கொஹீசின் டி.என்.ஏ.யை வளைவாக இழுக்க, சி.ரீ.சி.எஃப். அமர்ந்திருக்கும் இடங்களில் அந்த இழுவை நிற்க, தொலைவிலிருந்த இரு பகுதிகளும் அருகருகே வருகின்றன. வலை கிழிந்த அரிதட்டு ஒன்றின் வெறும் வளையத்துக்குள்ளால் குழாயை இழுத்து இதைக் காட்டுகிறேன். கொஹீசின் வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 40 நானோமீற்றர் என்பதால், இருபது சென்ரிமீற்றர் அரிதட்டு இந்த மாதிரியின் அளவுக்கும் பொருந்திவிடுகிறது. குழாயின் இரு இடங்களில் சுற்றிய இறப்பர் பட்டிகள் சி.ரீ.சி.எஃப். ஆகின்றன. விற்பனையாளர் ஒரு பிளாஸ்ரிக் வளையத்தைச் சேர்ப்பதற்கு அதிகம் செலவாகியிருக்காது.

வட்டுகளை அடுக்கி 30 நானோமீற்றர் நாராக்குவதற்கென ஒரு கண்ணாடி போன்ற உருளையும் தரப்பட்டிருக்கிறது. பாடநூல்கள் பலவற்றில் அந்த நார் இன்னும் இருப்பதால் அதைக் காட்டாமல் விட முடியாது. ஆயினும் 2017-இல் மனிதக் கலங்களின் கருவை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் முப்பரிமாணமாக ஆராய்ந்தபோது காணப்பட்டது 5 முதல் 24 நானோமீற்றர் வரை தடிப்பு மாறும் ஒழுங்கற்ற சங்கிலிகளே. உருளையை அரை நிமிடம் காட்டிவிட்டு மேசைக்கடியில் வைத்துவிடுவது போதும்.

இனி, எங்கள் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்பதைப் பற்றி. தோட்டத்துப் பிள்ளை எவருக்கும் வீ.பீ. தேயிலை, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கப்படும் தேயிலை, தெரியும். ஓர் இலையும் சிறு தண்டுத் துண்டுமாக வெட்டி நாற்றுமேடையிலுள்ள பைகளில் நட்டால், தண்டின் அடியில் வேர் வருகிறது. தாய்ச் செடியின் அதே டி.என்.ஏ.தான், ஒரு மூலச் சோடியும் புதிதாக வந்து சேரவில்லை. அப்படியானால் வேருக்குரிய பரம்பரையலகுகள் இதுவரை ஏன் பேசாதிருந்தன, இப்போது ஏன் பேசுகின்றன? இந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் பெட்டியைத் திறக்கிறேன். பிரதியெடுத்தலைத் தொடக்கும் காரணிகளும் ஓமோன்களும் அதில் பங்கெடுக்கின்றன என்பதைச் சொல்லி, அந்தக் காரணிகள் வந்து அமர்வதற்கு இடம் கிடைக்கிறதா இல்லையா என்பதை ஹிஸ்டோன்கள் எவ்வாறு நிர்ணயிக்கின்றன என்பதை வட்டுகளால் காட்டும்போது, பாடம் பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோவாவை (முட்டைக்கோஸை) சொல்லலாம். பூப்பதற்கு முன் நீண்ட குளிரை எதிர்பார்க்கும் பயிர்களில் கோவாவும் ஒன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த அராபிடோப்சிஸ் என்ற சிறு செடியில் இதன் பொறிமுறை விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. பூப்பதைத் தடுத்துவைத்திருப்பது எஃப்.எல்.சி. என்ற பரம்பரையலகு. குளிர் வாரக்கணக்கில் நீடிக்கும்போது அந்தப் பரம்பரையலகைச் சுற்றிய எச்3 ஹிஸ்டோன்களின் 27ஆவது லைசீனில் மெதைல் அடையாளம் சேர்ந்து, அது அமைதியாக்கப்படுகிறது. குளிர் போனபின்னும், கலங்கள் பிரிந்து பெருகியபின்னும், அந்த அமைதி நீடிக்கிறது. எனவே செடி பூக்கிறது. சிவப்பு மூடியை எச்3 வாலில் மாட்டிவிட்டு, குழாயை இரண்டாக்கி, புது வட்டுகளுக்கும் அந்த மூடியை மாட்டச் சொன்னால், டி.என்.ஏ. ஒழுங்கு மாறாமலே ஒரு நிலைமை கலத்திலிருந்து கலத்துக்குக் கடத்தப்படுவதை மாணவர்கள் தாமே செய்து காட்டிவிடுகிறார்கள். செடியிலும் மனிதரிலும் ஒரே புரதங்கள்தானா என்று சந்தேகப்படுவோருக்கு ஒரு தகவல்: பட்டாணியின் எச்4 ஹிஸ்டோனும் மாட்டின் எச்4 ஹிஸ்டோனும் 102 அமினோவமிலங்களில் இரண்டில் மட்டுமே வேறுபடுகின்றன. இத்தனை நெடிய பரிணாம காலத்தில் இவ்வளவு சொற்பமாக மாறிய புரதங்கள் மிகக் குறைவு.

பொருளின் தரம் பற்றிச் சொல்வதானால், பிளாஸ்ரிக் உறுதியானது; மேசையிலிருந்து விழுந்தும் உடையவில்லை. எங்கள் பக்கத்து ஈரத்துக்கு மட்டும் இது செய்யப்படவில்லை. பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மூடுபனி நிற்கும் ஆய்வுகூடத்தில் வால்களை ஒட்டியிருந்த பசை இளகிவிட்டது. காந்தங்கள் சிலவற்றில் துரு கண்டிருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில், ஈரமுறிஞ்சும் பொட்டலத்துடன் வைத்தால் நீடித்து உழைக்கும். இறப்பர் குழாயைச் சுற்றியபடியே விட்டுவிடக் கூடாது. பாடம் முடிந்ததும் கழற்றி நேராக வைக்காவிட்டால் வளைவு நிலைத்துவிடும். கழன்ற கவ்வி ஒன்றுக்கு மாற்றுக் கேட்டபோது விற்பனையாளர் தபாலில் அனுப்பிவைத்தார். ஆனால் கையேட்டைத் தமிழில் தருவது பற்றி எழுதியதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. கையேடு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும் இருக்கிறது. தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்கும் விற்கும் ஒருவர் இதைச் செய்துதர வேண்டியது கடமை என்றே நான் கருதுகிறேன். விலையில் நமக்கு எந்தக் கழிவும் இல்லை.

அந்த விலை இருபதாயிரம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு இது சிறிய தொகையல்ல. பழைய மாணவர் சங்கத்தின் உதவியால் நாங்கள் வாங்கினோம். அருகருகேயுள்ள இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து வாங்கித் தவணைக்குத் தவணை மாற்றிக்கொள்வதும் நடைமுறைக்கு ஏற்றதே, ஏனெனில் ஒரு வகுப்புக்கு இது சில வாரங்களுக்குத்தான் தேவைப்படும். ஒரே வட்டுடன் வரும் சிறிய தொகுதியை அரைவிலைக்கு விற்கிறார்கள். அதை மட்டும் வாங்க வேண்டாம். எச்4 இன் வால் பற்றுவதற்கு அயலில் இன்னொரு வட்டு இல்லாவிட்டால், பச்சை மூடியை மாட்டினாலும் கழற்றினாலும் எந்த மாற்றமும் தெரியாது.